கதவைச் சாத்தும் டொக்டர்

முரசுமோட்டைப் பொன்னையர் மகளுக்குச் சம்பந்தம் பேசப் போன வீட்டில் கதிரையில் இருக்கவில்லை. நெடுங்கேணியில் வடிவம்மாவின் வீடு நல்ல வீடு. விறாந்தையில் பிரம்புக் கதிரைகளைத் துடைத்து வரிசையாகப் போட்டிருந்தார்கள். வடிவம்மா கைம்பெண்ணானாலும் வாய் குறையாதவர். "இருங்கோ அண்ணை, இருங்கோ" என்று வாசலிலிருந்தே உபசரித்தார். பொன்னையரோ தூணோடு நின்று, கூரை மரத்தை அண்ணாந்து பார்த்து, "முதிரையோ? நல்ல வைரம்" என்றார். தேத்தண்ணீரையும் நின்றபடியே குடித்தார். மனைவி கமலேஸ்வரி சால்வைத் தலைப்பைப் பிடித்து இரண்டு தரம் இழுத்தும் அவர் அசையவில்லை.

ஒருவர் வீட்டுக்குப் போய் இருக்காமல் நின்றுவிட்டு வருவது எங்கள் பகுதியில் சின்ன விசயமல்ல. உன் கதிரை என் தகுதிக்குப் போதாது என்று வாய் திறவாமல் சொல்வது அது. அதை நாலு தலைமுறை மறக்காது. ஊர்த் தலைமை பார்த்த விதானையார் குடும்பத்தில் பிறந்த பொன்னையருக்கு இது தெரியாததல்ல. ஆனால் அவருக்குச் சில மாதங்களாக மூலவருத்தம். அன்றைக்கு மாங்குளம் ஒட்டுசுட்டான் வழியாகப் பஸ்ஸில் குலுங்கி வந்த பிறகு, பிரம்புக் கதிரையைக் கண்டதுமே அவருக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. விதானையாரின் மகனுக்கு மூலம் என்று ஊர் பேசுவதைவிட, விதானையாரின் மகனுக்குத் தலைக்கனம் என்று பேசுவது மேல். அப்படி நினைத்துத்தான் அவர் நின்றார்.

இந்த வருத்தம் கமலேஸ்வரிக்கே தெரியாது. தெரிந்த ஒரே ஆள் டொக்டர் ஞானேஸ்வரி.

ஞானேஸ்வரி பொன்னையரின் தங்கை மகள். எழுபத்தெட்டாம் ஆண்டு பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்தாள். அவள் வந்த அன்று பொன்னையர் நடந்த நடையை முரசுமோட்டை இன்னும் சொல்லிச் சிரிக்கும். "எங்கடை டொக்டர்" என்பார். சங்கக்கடையில் அரிசி வாங்கப் போனாலும் அந்தச் சொல் எப்படியோ வந்துவிடும்.

அவள் செய்த முதல் வேலை ஆஸ்பத்திரிக்கு ஒரு கதவு போட்டதுதான். அதற்கு முன்பு எல்லாம் பொது மண்டபத்தில் நடந்தது. மருந்து கொடுப்பவர் மேசையில் இருந்தபடியே, "ஆரப்பா வயித்தாலை அடிக்கிற ஆள்? இஞ்சாலை வா!" என்று கூப்பிடுவார். ஒருவருடைய வருத்தம் வரிசையில் நின்ற எல்லாருக்கும் செய்தி. பின்னேரம் வாய்க்கால் கரையில் அதுவே கதை. ஞானேஸ்வரி தன் அறைக்குக் கதவு வைத்து, உள்ளே கட்டிலைச் சுற்றித் துணி மறைப்பும் வைத்தாள். ஒருவரைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்துவாள். அவர் போன பிறகுதான் அடுத்தவர். ஊருக்கு இது பிடிக்கவில்லை.

"கதவைச் சாத்திப்போட்டு அப்பிடி என்ன கதை?" என்று கேட்டார்கள்.

இன்னொரு குறையும் இருந்தது. தடிமன் இருமலுக்கு ஊசி கேட்டால் போடமாட்டாள். "போன டொக்டர் கேட்டவுடனை குத்துவார். இவ கதைச்சே சுகமாக்கப் பாக்கிறா" என்றார்கள். கோழி கொண்டுபோனவர்கள் கோழியோடு திரும்பினார்கள். பொது வாய்க்கால் வேலைக்குப் போகாமல் இருக்க வருத்தக் கடதாசி கேட்டுப் போனவர்கள், கடதாசி இல்லாமல் நல்ல புத்தியோடு திரும்பினார்கள். பொன்னையர் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. "படிச்ச பிள்ளை. அவவுக்குத் தெரியும்" என்று வெட்டிவிடுவார்.

நெடுங்கேணிக்குப் போய்வந்த கிழமை அவர் ஆஸ்பத்திரிக்குப் போனார். உச்சி வெயிலில், சனம் கலைந்த பிறகு, குடையைத் தாழப் பிடித்துக்கொண்டு போவதுதான் அவர் வழக்கம். விறாந்தையில் ஏறி நிமிரவும் டொக்டரின் கதவு திறந்தது. உள்ளேயிருந்து வந்தவன் பரமேஸ்வரன். வடிவம்மாவின் மகன், பொன்னையரின் மகள் ஜெகதீஸ்வரிக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை. இரணைமடுவில் நீர்ப்பாசன ஓவசியராக இருந்தான். நெடுநெடுவென்று வளர்ந்த, அதிகம் பேசாத பொடியன்.

இருவரும் ஒருவரையொருவர் கண்டார்கள். இருவரும் காணவில்லை. சுவரில் மலேரியா நுளம்பின் பெரிய படம் ஒன்று ஒட்டியிருந்தது. பொன்னையர் அதன் தலைப்பக்கத்தையும் பரமேஸ்வரன் கால்பக்கத்தையும் வெகு கவனமாகப் பார்த்தார்கள். பிறகு பொடியன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

உள்ளே போன பொன்னையர் கதவைத் தானே சாத்தினார்.

"பிள்ளை, இப்ப வெளியாலை போன பொடியனுக்கு என்ன?"

"மாமா, கட்டிலிலை ஏறிச் சரிஞ்சு படுங்கோ."

"நான் அதைக் கேக்கேல்லை."

"நான் அதைத்தான் சொல்லுறன்."

பொன்னையர் படுத்தார். ஆனால் வாய் படுக்கவில்லை. "அவன் உன்ரை மச்சாளுக்குப் பாத்திருக்கிற மாப்பிள்ளை. ஏதும் கூடாத வருத்தமோ?"

"அதை நான் சொல்லேலாது மாமா."

"அப்ப ஒண்டுமில்லையோ?"

"அதையும் சொல்லேலாது."

"உன்ரை சொந்தத் தாய்மாமன் கேக்கிறன்!"

"தாய்மாமன் கேட்டாலும் தகப்பன் கேட்டாலும் இதுதான் மறுமொழி. இண்டைக்கு ஒருதரைப் பற்றி 'ஒண்டுமில்லை' எண்டு சொல்லிப்போட்டு, நாளைக்கு வேறை ஒருதரைப் பற்றிச் சொல்லாமல் விட்டனெண்டால், அந்த ஆளின்ரை கதி என்ன? அதாலை எல்லாருக்கும் ஒரே மறுமொழி. இப்ப மூச்சை இழுத்துப் பிடியுங்கோ."

அவள் சொன்ன விளக்கம் ஊசி குத்திய இடத்தில் கரைந்துபோயிற்று. 'சொல்லேலாது' என்ற சொல் மட்டும் அவர் மனதில் நின்றது. அதற்குக் காரணம் இருக்கிறது. கலியாண விசாரிப்பில் எங்கள் ஆட்களுக்கு ஒரு மரியாதை உண்டு. மாப்பிள்ளை நல்லவனென்றால், கேட்டவருக்குத் தேத்தண்ணீர் கொடுத்து வாயாரச் சொல்வார்கள். கூடாதவனென்றால் கூடாது என்று சொல்லமாட்டார்கள். "எனக்கு அவ்வளவாய்ச் சொல்லத் தெரியாது, வேறை இடத்திலையும் விசாரியுங்கோ" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். கேட்டவர் குடையை எடுத்துக்கொண்டு எழும்பிவிடுவார். பொன்னையரே பலருக்கு அப்படி முகம் திருப்பியிருக்கிறார். ஆகவே மருமகள் படித்த மரியாதையோடு தனக்கு மறைவாகச் சொல்லிவிட்டாள் என்றே அவர் எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும், "நெடுங்கேணிச் சம்பந்தம் சரிவராது. ஆள் அனுப்பிச் சொல்லிவிடு" என்றார்.

கமலேஸ்வரி குசினியிலிருந்து அகப்பையோடு வந்தார். "ஏன்? குறிப்புப் பொருந்தியிருக்கு. பொடியனுக்கு அரசாங்க உத்தியோகம்."

"சரிவராதெண்டால் சரிவராது."

"என்னெண்டு தெரியும்? ஆர் சொன்னது? எங்கை வைச்சுச் சொன்னது?"

அங்கேதான் பொன்னையர் மாட்டிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் கண்டேன் என்றால், நீங்கள் ஏன் அங்கே போனீர்கள் என்ற கேள்வி வரும். அவர் முற்றத்தில் இறங்கி, கட்டாத மாட்டுக்கு வைக்கோல் போட்டார்.

ஜெகதீஸ்வரி கதவு நிலையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். தகப்பனைப் போலவே நிமிர்ந்த முதுகும் நேரான பார்வையும் அவளுக்கு. பரமேஸ்வரனை அவளுக்கு முன்பே தெரியும். போன சிறுபோகத்தில் கடைசி வயல்களுக்குத் தண்ணீர் எட்டவில்லை என்று ஆட்கள் சண்டைக்கு நின்றபோது, அவன் தானே வாய்க்காலில் இறங்கி அடைப்பை எடுத்துவிட்டுச் சேற்றோடு நடந்துபோனதை அவள் வரப்பில் நின்று பார்த்திருந்தாள்.

"அப்பா, அவரைப் பற்றி ஏதாவது கேள்விப்பட்டால் எனக்கும் சொல்ல வேணும். கட்டப்போறது நான்."

"கட்டப்போறதில்லை எண்டுதானே சொல்லுறன்."

"அப்பவும் சொல்லத்தான் வேணும்" என்றாள் அவள்.

செய்தி நெடுங்கேணிக்குப் போனது. அடுத்த முறை பொன்னையர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மறைப்புக்குப் பின்னால் வேட்டியைத் தளர்த்திச் சரிந்து படுத்திருந்தபோது, கதவில் இடி விழுந்ததுபோலத் தட்டினார்கள். ஞானேஸ்வரி கதவைப் பாதி திறந்து குறுக்கே நின்றாள்.

"ஆள் பாத்துக்கொண்டிருக்கிறன். கொஞ்சம் இருங்கோ அம்மா."

"நான் மருந்துக்கு வரேல்லை டொக்டர். ஒரு கேள்வி. நிண்டு கேட்டிட்டுப் போறன். உங்கடை மாமாவுக்கும் நிக்கிறதுதானே விருப்பம்!"

வடிவம்மாவின் குரல். பொன்னையர் மூச்சை அடக்கினார்.

"நான் பரமேஸ்வரன்ரை தாய். உங்கடை மாமா எங்கடை வீட்டுக்கு வந்து கதிரையிலை இருக்கேல்லை. நாங்கள் ஆரெண்டு நினைச்சவர்? இருக்காத மனுசன் பிறகு சரிவராதெண்டும் சொல்லி அனுப்புறார். என்ரை மனுசன் இருந்திருந்தால் அண்டைக்கே கேட்டிருப்பார். என்ரை பொடியன் சொல்லுறான், 'அம்மா, அந்த ஆளுக்கு ஏதும் சுகமில்லையோ தெரியாது, கோவிக்காதையுங்கோ' எண்டு. நீங்கள் டொக்டர், அவையின்ரை ஆள். சொல்லுங்கோ. அவருக்கு வருத்தமெண்டால் இந்த நிமிசமே மன்னிச்சு, திரும்பச் சம்பந்தம் பேச வாறன். வருத்தமில்லையெண்டால் அது திமிர். திமிரெண்டால் எங்கடை சாதிசனம் ஒருதரும் இனி முரசுமோட்டைப் பக்கம் மிதிக்கமாட்டினம். வருத்தமோ, திமிரோ?"

மறைப்புக்குப் பின்னால் பொன்னையர் தலையை உயர்த்தினார். நுளம்புப் படத்தைப் பார்த்த பொடியன் தாயிடம்கூட, ஆஸ்பத்திரியில் கண்டேன் என்று சொல்லவில்லை! இனி எல்லாம் மருமகளின் ஒரு சொல்லில் இருந்தது. வருத்தம் என்று சொன்னால் சம்பந்தம் பிழைக்கும். ஆனால் அவருடைய மானம் வடிவம்மாவின் வாயோடு நெடுங்கேணிச் சந்தைக்குப் போகும்.

"அதை நான் சொல்லேலாது அம்மா" என்றாள் ஞானேஸ்வரி.

"இல்லையெண்டாவது சொல்லுங்கோ!"

"அதையும் சொல்லேலாது."

அதே குரல், அதே சொல். தனக்கு என்ன சொன்னாளோ அதையேதான் சொன்னாள். இழுப்பில்லை, முகத் திருப்பமில்லை. அவள் யாருக்கும் மறைவாக எதையும் சொல்லவில்லை என்பது பொன்னையருக்கு அந்தக் கட்டிலில் படுத்தபடி விளங்கிற்று. கதவு சாத்தியிருந்தது, அவ்வளவுதான். அந்தக் கதவுக்குப் பின்னால் இப்போது அவரே படுத்திருந்தார். எவ்வளவு பாதுகாப்பாக இருந்தது! ஆனால் இந்தக் கதவை உள்ளே இருப்பவன் திறக்கலாம். வேறு ஒருவரும் திறக்க முடியாது.

"சொல்லாட்டில் விளங்குது. திமிர்தான்" என்று வடிவம்மா திரும்பினார்.

பொன்னையர் எழும்பினார். வேட்டியை இறுக்கி, சால்வையை ஒழுங்காகப் போட்டு, மறைப்பை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"திமிரில்லை" என்றார். விதானையாரின் மகன் சபையில் பேசுவதுபோல நிமிர்ந்து நின்று, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "எனக்கு மூலவருத்தம். உங்கடை வீட்டுக் கதிரை நல்ல கதிரை. என்னாலைதான் இருக்கேலாமல் போச்சு."

வடிவம்மா கையால் வாயைப் பொத்தினார். பொத்திய கைக்குள்ளிருந்து சிரிப்பு பீறிட்டது. "ஐயோ கடவுளே! இதையே... இதுக்கே நான் பஸ் ஏறி வந்தனான்! அண்ணை, என்ரை மனுசன் உயிரோடை இருக்கேக்கை ஒரு மாரி முழுக்க நிண்டுதான் சாப்பிட்டவர். கோயிலுக்குப் போனால் சனம் நினைக்கும், எவ்வளவு பக்தி, இந்த ஆள் இருக்கிறதே இல்லை எண்டு!"

ஞானேஸ்வரி மேசையில் எதையோ தேடுவதுபோலக் குனிந்தாள். தோள் மட்டும் குலுங்கிற்று. பொன்னையர் முதலில் முறைத்தார். பிறகு அவருக்கும் வந்துவிட்டது. சிரிக்கச் சிரிக்க நோவு எடுத்தது, அதற்கும் சிரித்தார்.

கண்ணைத் துடைத்தபடி வடிவம்மா கேட்டார்: "அது சரி, பிறகேன் சரிவராதெண்டு சொல்லி அனுப்பினனீங்கள்?"

பொன்னையர் மருமகளைப் பார்த்தார். அவள் கூரையைப் பார்த்தாள். உன் மகனை இங்கே கண்டேன் என்று அவர் சொல்லலாம். ஆனால் அது பொடியனின் கதவு. தாய்க்கே அவன் திறக்காத கதவு.

"ஒரு விசயத்தைப் பிழையாய் விளங்கிப்போட்டன். பிழை என்ரை. இனிமேல் கேக்காதையுங்கோ" என்றார். தன் வாயால் பிழை என்ற சொல்லைச் சொன்னது அவருக்கே புதிதாக இருந்தது.

அடுத்த நாள் காலையில் இரணைமடுவுக்குப் போனார். குளம் நிறைந்து அலையடித்துக்கொண்டிருந்தது. பரமேஸ்வரன் அணைக்கட்டில் நின்று துருசு மதகைத் திறக்கும் ஆட்களுக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். அவரைக் கண்டதும் ஓடிவந்தான்.

"தம்பி, நீ என்னைக் கண்டனீ. நான் உன்னைக் கண்டனான். என்ரை வருத்தத்தை உன்ரை கொம்மாவுக்கு நானே சொல்லிப்போட்டன். உன்ரையை எனக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் என்ரை மகளுக்குச் சொல்ல வேணும். அவள் அப்பிடித்தான் கேப்பாள்."

பொடியன் தண்ணீரைப் பார்த்தான். "டொக்டரும் அதைத்தான் எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறா. எனக்குத்தான் வாய் வரேல்லை." பிறகு மெதுவாகச் சொன்னான்: "கசம் ஐயா. போன வருசம் வந்தது. ஊசியெல்லாம் முடிஞ்சுது. இப்ப குளிசை மட்டும்தான்."

கசம். நெஞ்சை அரிக்கும் காசநோய். பொன்னையரின் கடைசித் தம்பி அந்த வருத்தத்தோடு வயல் ஓரக் கொட்டிலில் புறம்பாக வைக்கப்பட்டவன். கோப்பை புறம்பு, பாய் புறம்பு. செத்த பிறகு, காய்ச்சல் என்றுதான் குடும்பம் ஊருக்குச் சொன்னது. சொல்லாமல் வைத்த மானத்தில், வைத்தியரிடமும் காட்டாமல் வைத்துவிட்டார்கள். பொன்னையர் எதிரே நின்ற பொடியனைப் பார்த்தார். வெயிலில் கறுத்து, சேறு படிந்த காலோடு, நேராக நின்றான். இவனும் பயந்து ஒளித்திருக்கலாம். ஆனால் மாதா மாதம் அந்தக் கதவைத் தட்டியிருக்கிறான்.

"சுகமோ?"

"சுகமெண்டு டொக்டர் சொன்னவா. என்ரை சொல்லை நீங்கள் நம்ப வேண்டாம். நான் கேட்டுக்கொண்டால் அவ சொல்லுவா. எல்லாருமாய்ப் போவம். நான் இண்டைக்கே அம்மாவுக்கும் சொல்லுறன்."

"ஐயா எண்டு கூப்பிடாதை. மாமா எண்டு கூப்பிடு" என்றார் பொன்னையர். சொல்லிவிட்டுத் தானே திடுக்கிட்டார்.

அந்தக் கிழமையே கமலேஸ்வரியை வீட்டில் விட்டு, ஜெகதீஸ்வரியும் மற்ற எல்லாரும் ஆஸ்பத்திரி விறாந்தையில் கூடினார்கள். குடையைத் தாழப் பிடிக்காமல், வரிசையில் சனம் நிறைந்த காலை நேரத்திலேயே பொன்னையர் வந்தார். பரமேஸ்வரன் உள்ளே போய், "டொக்டர், என்ரை வருத்தத்தைப் பற்றி நான் முன்னுக்கு இருக்கேக்கை இவைக்குச் சொல்லுங்கோ" என்றான். பொன்னையரும் வடிவம்மாவும் பின்னால் காலை வைத்தார்கள். ஞானேஸ்வரி கையைக் காட்டி மறித்தாள்.

"பரமேஸ்வரன், ஆருக்குச் சொல்லோணும்? எல்லாருக்குமோ?"

அவன் ஜெகதீஸ்வரியைப் பார்த்தான். "முதலிலை அவவுக்கு."

"அப்ப மாமா, நீங்கள் வெளியிலை நில்லுங்கோ. அம்மா, நீங்களும்தான்."

ஜெகதீஸ்வரி உள்ளே போக, ஞானேஸ்வரி கதவைச் சாத்தினாள்.

"எங்களையே வெளியிலை விட்டுப்போட்டாள்" என்றார் பொன்னையர்.

"பெத்த தாயை!" என்றார் வடிவம்மா. அவர் வாங்கில் இருந்தார். பொன்னையர் பக்கத்தில் நின்றார். மகன் சொன்னதிலிருந்து வடிவம்மா அழுதிருக்கிறார் என்று வீங்கிய கண்ணிமை சொன்னது. "அவளுக்கு விருப்பமில்லையெண்டால் நான் கோவிக்கமாட்டன் அண்ணை. என்ரை பிள்ளை உயிரோடை நிக்கிறானே, அது போதும்."

பொன்னையர் கதவோரம் நகர்ந்தார். இந்தச் சம்பந்தம் நடக்க வேண்டும் என்று தான் இவ்வளவு ஆசைப்படுகிறேன் என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆனால் முடிவு உள்ளே இருந்தது. காதைத் தீட்டிக் கேட்டார். மருமகளின் குரல் சீராகப் போயிற்று. நெஞ்சுப் படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குப் பிடிக்கும் சரசரப்புக் கேட்டது. ஜெகதீஸ்வரி கேள்விமேல் கேள்வி கேட்டாள். பிறகு பரமேஸ்வரன் ஏதோ சொன்னான். பிறகு அவள் சிரித்தாள், வாய்விட்டு, அடக்காமல்.

வடிவம்மா பொன்னையரைப் பார்த்தார். பொன்னையர் வடிவம்மாவைப் பார்த்தார்.

"மேளம் எங்கடை பக்கத்தாலை" என்றார் வடிவம்மா உடனே.

"மேளம் பெண் வீட்டுக்காரற்றை உரிமை."

"மாப்பிள்ளை அழைப்புக்கு நாங்கள் கொட்டிலடியிலை நிண்டு கைதட்டுறதோ?"

"அழைப்புக்கு நீங்கள் பிடியுங்கோ. தாலிக்கு நாங்கள்."

கதவு திறந்தது. ஜெகதீஸ்வரி முன்னால் வந்தாள். முகம் கழுவிவிட்டது போல் இருந்தது.

"அப்பா, வைகாசி வேண்டாம், ஆனியிலை நாள் பாருங்கோ. வைகாசியிலை இவருக்குக் கடைசிப் படம் எடுக்க யாழ்ப்பாணம் போகோணுமாம். நானும் கூடப் போறன்."

"கலியாணத்துக்கு முதலே சோடியாய்ப் போறதோ? சனம் என்ன கதைக்கும்?" என்றார் பொன்னையர்.

"அப்ப நீங்களும் வாங்கோ மாமா" என்றான் பரமேஸ்வரன்.

"யாழ்ப்பாணத்துக்கோ? அந்த பஸ்ஸிலையோ?" என்று வடிவம்மா சிரிக்கத் தொடங்கிவிட்டார். பொன்னையரின் முகம் சிவந்தது. உள்ளே ஞானேஸ்வரி அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிட்டாள்.

வரிசையின் முன்னால் நின்ற ஒரு மனுசிக்கு இதற்குமேல் பொறுக்கவில்லை. கழுத்தை நீட்டி, "ஏன் பொன்னையர், குடும்பமாய் வந்து நிக்கிறியள்? ஆருக்கு என்ன வருத்தம்?" என்று கேட்டாள்.

பொன்னையரும் வடிவம்மாவும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள்.

"உம்மைத்தான் கூப்பிடினம், உள்ளுக்குப் போம்!" என்றார் பொன்னையர்.

"போகேக்கை கதவைச் சாத்திக்கொண்டு போ பிள்ளை!" என்றார் வடிவம்மா.